17 உலக இலக்குகளும் ஒரு பனியன் கம்பெனியும்: முதல் கணக்கிலிருந்து அறிக்கை வரை

வெளிநாட்டு பையர் (சரக்கு வாங்குபவர்) அனுப்பும் சப்ளையர் கேள்வித்தாளில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி தலைகாட்டுகிறது: 'ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் எவற்றுக்கு உங்கள் நிறுவனம் பங்களிக்கிறது?' பலர் 17 கட்டங்களிலும் டிக் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். கேட்டவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பதில் சொன்னவருக்கு ஆபத்து உண்டு. அடுத்த ஆடிட்டில் 'இந்தப் பதினான்காவது இலக்குக்கு, அதாவது கடல்வாழ் உயிர்களுக்கு, நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது: திருப்பூரில் 350 பேர் வேலை செய்யும் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் காம்பவுண்டுக்குள். நூல் வெளியே வாங்குவது. நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி இறுக்குவது) எல்லாம் வெளியே, ஜாப் வொர்க்கில், அதாவது கூலிக்குச் செய்துகொடுப்பவர்களிடம். அந்த நிறுவனத்தின் கணக்குகளில் வரும் எண்கள் முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்ணை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோல், உணவு, இயந்திர உதிரிபாகம் என்று எந்தத் தொழிலாக இருந்தாலும் படிகள் இவையேதான்.

இலக்குகள் என்றால் என்ன, கம்பெனிக்கு அதில் என்ன வேலை

2015 செப்டம்பர் 25 அன்று ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொண்ட செயல்திட்டம் இது. 2016 ஜனவரி 1 முதல் 2030 வரை 15 ஆண்டுகள். மேலே 17 இலக்குகள், அவற்றுக்குக் கீழே 169 துணை இலக்குகள், அவற்றை அளக்க இருநூற்றுச் சொச்சம் குறியீடுகள். பாதை முடியப் போகிறது, வேலை முடியவில்லை. அளக்க முடிந்த துணை இலக்குகளில் 17 சதவீதம்தான் சரியான வேகத்தில் போகின்றன என்று 2024-ல் ஐ.நா.வே அறிக்கை கொடுத்தது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். இந்த இலக்குகளை ஏற்றுக்கொண்டவை அரசுகள். எந்தக் கம்பெனியும் இவற்றுக்குச் சட்டப்படி கட்டுப்பட்டதல்ல. 169 துணை இலக்குகளில் 62 நிதி, தொழில்நுட்பம், வர்த்தக விதி போன்ற நடைமுறைப்படுத்தும் வழிகளைப் பற்றியவை. பெரும்பாலும் அரசுகள் செய்யவேண்டியவை. 12.a என்பதுபோல எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்து ஒட்டி வருகிறதே, அவற்றில் பெரும்பகுதி அந்த வகை. கம்பெனியை நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது 12.6, அதாவது பன்னிரண்டாவது இலக்கின் ஆறாவது துணை இலக்கு. நிறுவனங்கள், குறிப்பாகப் பெரிய நிறுவனங்கள், நிலையான நடைமுறைகளைக் கைக்கொண்டு தங்கள் அறிக்கையிலும் அதைச் சேர்க்க ஊக்குவிக்க வேண்டும் என்கிறது அது.

அப்படியானால் எதற்கு இந்தத் தலைவலி? திருப்பூர்க்காரர்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. சாயக்கழிவு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் நின்றன. தையல் மட்டும் வைத்திருந்தவர்களும் துணி கிடைக்காமல் வேறு மாநிலங்களுக்குச் சாயத்துக்கு அனுப்பி அலைந்தார்கள். தண்ணீர் பற்றிய ஆறாவது இலக்கு அப்போது எழுதப்படவே இல்லை. ஆனால் அது பேசும் விஷயம் ஊரையே நிறுத்திவிட்டது. இந்த 17-ஐயும் நாங்கள் பார்ப்பது அப்படித்தான்: இன்னும் பில்லாக வந்து சேராத செலவுகளின் பட்டியல்.

மற்ற காரணங்கள் சுருக்கமாக. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாக்கியது. அவர்களுக்குச் சரக்குக் கொடுப்பவர்களிடமும் விவரம் கேட்கப்படுகிறது. ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய விதிகள் இறுகுவதும் தளர்வதுமாக இருந்தாலும் பையர் கேட்கும் எக்செல் ஷீட் மட்டும் சிறிதாவதில்லை.

இதை சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) செலவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவு லாபத்தில் 2 சதவீதத்தை எங்கே செலவிடலாம் என்று சொல்கிறது. சொந்தத் தொழிலாளருக்கு மட்டும் பயன்படுவதும், வழக்கமான தொழில் நடவடிக்கையும் அதில் சேராது. இலக்குகள் கேட்பது மிச்ச 98 சதவீதத்தை எப்படிச் சம்பாதித்தீர்கள் என்பதை. பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக்கொடுத்துவிட்டு ஆறாவது இலக்கில் டிக் அடிப்பதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு.

படி 1: நூலிலிருந்து கப்பல் வரை ஒரு வரைபடம்

ஒரு பெரிய சார்ட் தாள் போதும். பருத்தி, ஜின்னிங், நூற்பாலை, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், பேக்கிங், தூத்துக்குடி, பையர் குடோன், வீட்டில் துவைப்பது, கடைசியில் குப்பை. ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே நான்கு விஷயம்: யார் செய்கிறார்கள், எந்த ஊரில், நம் ஆர்டரில் எத்தனை கிலோ அவர்களிடம் போகிறது, யாருக்கு அல்லது எதற்குக் கெடுதல் வர வாய்ப்பு.

சாயப்பட்டறை, நிட்டிங் யூனிட் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். நூல் எந்த மில்லில் ஓடியது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தடுமாறுவார்கள், ஏஜெண்டிடம் வாங்குவதால். பில்லில் இருக்கும் லாட் நம்பரையும் பேக்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையும் பிடித்துப் போனால் மில் கிடைத்துவிடும். சாயத்துக்குக் கொடுத்த துணியை அவர் இன்னொருவருக்குத் தள்ளிவிடுகிறாரா என்றும் கேளுங்கள். சீசனில் அது நடக்கும், வரைபடத்தில் இல்லாத ஒரு பட்டறை உங்கள் ஆர்டருக்குள் வந்துவிடும்.

வரைபடம் ஏன் முதல் படி என்பதற்கு ஒரு கணக்கு. மாதம் 40,000 கிலோ துணி ஓடுகிறது. சாயத்தில் கிலோவுக்கு 60 லிட்டர் தண்ணீர் என்றால் 24 லட்சம் லிட்டர். உங்கள் காம்பவுண்டுக்குள் 350 பேர், தலைக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர், 26 நாள்: ஏறக்குறைய 4.1 லட்சம் லிட்டர். கேட்டுக்குள் குழாயில் சென்சார் மாட்டி 20 சதவீதம் மிச்சம் பிடித்தாலும் அது மொத்தத்தில் 3 சதவீதத்தைத் தொடாது. கையில் இருக்கும் இடத்தில் அளப்பது எளிது, பாதிப்பு இருக்கும் இடம் சுவருக்கு வெளியே. அறிக்கைகளில் குழாய் சென்சார் படம் பெரிதாகவும் சாயப்பட்டறை ஒரு வரியாகவும் வருவது இதனால்தான்.

படி 2: 17-ல் அல்ல, 169-ல் தேர்ந்தெடுங்கள்

'ஆறாவது இலக்கு: தூய நீர்' என்று எழுதினால் அது விருப்பம். '6.3: சுத்திகரிக்காத கழிவுநீரைப் பாதியாகக் குறைத்தல்' என்று எழுதினால் எண்ணைத் தேடிப் போயாக வேண்டும்.

வரைபடத்தில் எழுதிய ஒவ்வொரு கெடுதலுக்கும் மூன்று மதிப்பெண் போடுங்கள், 1 முதல் 5 வரை: எவ்வளவு கடுமையானது, எவ்வளவு வாய்ப்பு, நம்மால் எவ்வளவு மாற்ற முடியும். மூன்றையும் பெருக்கி வரிசைப்படுத்துவது பொதுவான வழக்கம். அதில் ஒரு திருத்தம் வேண்டும். உயிர், உடல், சுதந்திரம் சம்பந்தப்பட்டவற்றில் கடுமை 5 என்றால், மற்ற இரண்டும் என்னவாக இருந்தாலும் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'நூற்பாலையில் நம் பேச்சு எடுபடாது' என்று கட்டாய வேலை கீழே இறங்கி, 'லைட்டை எல்.இ.டி.க்கு மாற்றுவது எளிது' என்பது மேலே ஏறிவிடும்.

எங்கள் உதாரண நிறுவனத்துக்கு இப்படி வடிகட்டினால் நிற்பவை ஏறக்குறைய இவை:

6.3, 6.4: சாயத்தில் தண்ணீரும் கழிவுநீரும்.
8.7: கட்டாய உழைப்பு, குழந்தை உழைப்பு. நூற்பாலையும் ஆள் சேர்க்கும் ஏஜெண்டும்.
8.8: பாதுகாப்பான வேலை, தொழிலாளர் உரிமை. இந்தத் துணை இலக்கு புலம்பெயர் தொழிலாளரை, அதிலும் பெண்களை, தனியாகக் குறிப்பிடுகிறது.
5.2: பெண்கள்மீதான வன்முறை, சீண்டல்.
7.2: புதுப்பிக்கத்தக்க மின்சாரம்.
12.5: கட்டிங் வேஸ்ட்.

ஆறேழு போதும், அதற்கு மேல் போனால் ஆள் பற்றாது. வறுமை ஒழிப்பு, பசி ஒழிப்பு, கடல், காடு எல்லாம் நல்ல விஷயங்கள்தான், அவற்றுக்கு நன்கொடை கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. முன்னுரிமைப் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை, அவ்வளவுதான். பட்டியலை மூடுவதற்கு முன் தொழிலாளர் குழுவில் இரண்டு பேரிடமும், சாயப்பட்டறை மேனேஜரிடமும், முடிந்தால் கீழ்ப்பகுதி விவசாயி ஒருவரிடமும் காட்டுங்கள். முதலாளி அறையில் மட்டும் தயாரான பட்டியலில் ஓவர்டைம் இருக்காது.

படி 3: அடிப்படை ஆண்டுக் கணக்கு

கடைசியாக முடிந்த நிதியாண்டை அடிப்படையாக எடுங்கள். ஆர்டர் மிகவும் படுத்த ஆண்டு என்றால் அதற்கு முந்தையதைச் சேர்த்துச் சராசரி பார்க்கலாம். புது சாஃப்ட்வேர் வாங்க ஓட வேண்டாம். வேண்டிய எண்களில் பெரும்பகுதி ஏற்கெனவே இபி பில்லிலும், டீசல் வவுச்சரிலும், சம்பள ரிஜிஸ்டரிலும், வேஸ்ட் விற்ற பில்லிலும் தூங்குகிறது.

மின்சாரம்: 12 மாத இபி பில்லின் யூனிட்டைக் கூட்டுங்கள், ரூபாயை அல்ல. ரூபாயை வைத்துக் கணக்கிட்டால் கட்டணம் ஏறிய ஆண்டில் மின்சாரம் அதிகம் செலவானதுபோலத் தெரியும். இந்திய கிரிட்டுக்கு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் அந்தந்த ஆண்டின் எண்ணை எடுத்து, எந்தப் பதிப்பு என்றும் எழுதிவையுங்கள். மாதம் 30,000 யூனிட் என்றால் 21 டன். ஜெனரேட்டர் டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 2.68 கிலோ.

காற்றாலை வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்க. திருப்பூரில் பலரிடம் பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலை உண்டு. அந்த மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கிறீர்கள் என்றால் அது நீங்கள் செய்த முதலீடு, நீங்கள் பயன்படுத்திய பசுமை மின்சாரம் அல்ல. சொந்த யூனிட்டுக்கு வீலிங்கில் (மின்வாரியத்தின் கம்பி வழியாக) கொண்டுவந்து இபி பில்லில் கழிக்கிறார்கள் என்றால், கழித்த யூனிட் மட்டும் 7.2 கணக்கில் வரும். அந்த யூனிட்டுக்கான சான்றிதழைத் தனியாக விற்றிருந்தால் அதுவும் வராது. ஒரே காற்றை இரண்டு பேர் கணக்கில் எழுதுவதை நல்ல ஆடிட்டர் முதல் அரைமணி நேரத்தில் பிடித்துவிடுவார்.

கட்டிங் வேஸ்ட்: வந்த துணி 40,000 கிலோ, போன பீஸின் மொத்த எடை 33,600 கிலோ என்றால் 16 சதவீதம் வேஸ்ட். இதில் எது எங்கே போனது? நிறம் பிரித்து, சுத்தமாக, ஓ.இ. மில்லுக்கு (ஓப்பன் எண்ட் முறையில் நூற்கும் ஆலை) நூலாகப் போனது மறுசுழற்சி. கலந்துகட்டி பாய்லரில் எரிந்தது மறுசுழற்சி அல்ல, விற்ற பில் இருந்தாலும். வேஸ்ட் வாங்கும் வியாபாரியிடம் 'அடுத்து எங்கே போகிறது' என்று எழுதி வாங்காவிட்டால் இந்த வரியைக் காலியாகவே விடுங்கள்.

விபத்து: 350 பேர், 8 மணி, 26 நாள், 12 மாதம்: 8,73,600 மணி நேரம். மறுநாள் வேலைக்கு வர முடியாத விபத்து மூன்று என்றால், 10 லட்சம் மணி நேரத்துக்கு 3.4. பி.ஆர்.எஸ்.ஆர். கேட்பதும் இந்த வடிவில்தான். தையலில் அதிகம் நடப்பது ஊசி குத்துவது. கட்டுப் போட்டுக்கொண்டு அன்றே மெஷினில் உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால் இந்த எண்ணில் அது வராது. எனவே முதலுதவி ரிஜிஸ்டரையும் தனி வரியாக எண்ணுங்கள். ரிஜிஸ்டர் முழுக்க ஒரே லைனில் ஊசி குத்தாக இருந்தால் அங்கே நீடில் கார்டை (விரல் ஊசியில் படாமல் தடுக்கும் காப்பு) கழற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சாயப்பட்டறையிடம் கேட்கவேண்டியவை

இதைத் தனியாக வைத்ததற்குக் காரணம், பாதிப்பில் பெரிய பங்கு இங்கே இருப்பதுதான். 'தண்ணீர் எவ்வளவு செலவாகிறது' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கேட்கவேண்டிய முதல் கேள்வி: மெஷினின் லிக்கர் ரேஷியோ என்ன? அதாவது ஒரு கிலோ துணிக்கு பாத்தில் (துணி ஊறும் சாயக் கரைசலில்) எத்தனை லிட்டர் தண்ணீர். பழைய வகை சாய மெஷினான விஞ்ச் என்றால் 15 லிட்டருக்கு மேலும் போகும். நல்ல சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் 6. ஒரு பேட்சில் பிளீச்சிங், நியூட்ரலைசிங், சாயம், சோப்பிங், வாஷ் என்று பாத் பல முறை மாறுவதால் ஒவ்வொரு லிட்டரும் பெருகிக்கொண்டே போகும்.

உப்பும் அப்படியே. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற உப்பு வேண்டும், டார்க் ஷேடுக்கு லிட்டருக்கு 70 கிராம் என்று வைப்போம். 6 லிட்டர் பாத்தில் கிலோ துணிக்கு 420 கிராம். 15 லிட்டர் பாத்தில் அதே துணிக்கு 1,050 கிராம். அந்த உப்பு அத்தனையும் கழிவுநீரில்தான் இறங்குகிறது. சுத்திகரிப்பில் மிகக் கஷ்டமான பகுதி அதுதான்.

அடுத்த கேள்விகள்: போர் மற்றும் லாரித் தண்ணீர் மீட்டர் ரீடிங், ஆர்.ஓ.வில் (உப்பைப் பிரிக்கும் சவ்வு வடிகட்டி) மீண்டு வந்த தண்ணீர், பாய்லரில் எரிந்த விறகு அல்லது நிலக்கரி, எவாப்பரேட்டருக்கு (உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் கருவி) போன நீராவி, மீட்ட உப்பு எவ்வளவு, மிச்சமான கலப்பு உப்பும் ஸ்லட்ஜும் (கழிவுச் சேறு) எங்கே. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர் என்றால் மாதாந்திரக் கணக்கு அவர்களிடம் இருக்கும். பட்டறையின் மொத்தத்தை அவர்களின் மொத்தக் கிலோவால் வகுத்து, உங்கள் கிலோவால் பெருக்குங்கள். உங்கள் ஆர்டர் முழுக்க நேவியும் பிளாக்குமாக இருந்தால் இந்தச் சராசரி உங்களுக்குச் சாதகமாகப் பொய் சொல்லும், அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

இங்கே வழக்கமாகச் சிக்கும் இடம்: 'கிலோவுக்கு 60 லிட்டர்' என்பதும் 'கிலோவுக்கு 6 லிட்டர்' என்பதும் ஒரே பட்டறையில் உண்மையாக இருக்கலாம். முன்னது பாத்தில் ஓடிய மொத்தத் தண்ணீர், பின்னது மறுசுழற்சி போக வெளியிலிருந்து புதிதாக எடுத்தது. இரண்டுக்கும் தனித் தனி வரி வேண்டும். போன ஆண்டுக்கு மொத்தத்தையும் இந்த ஆண்டுக்குப் புதுத் தண்ணீரையும் போட்டு '90 சதவீதம் குறைத்தோம்' என்று அறிவிப்பது எண்ணைத் திரிப்பதுதான்.

படி 4: இலக்குகள் ஒன்றோடொன்று மோதும் இடம்

எல்லா வட்டங்களும் ஒற்றுமையாகச் சுழலும் படம் பார்க்க அழகு. தொழிற்சாலையில் அவை மோதும். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத முறை ஆறாவது இலக்குக்குப் பெரிய வெற்றி. ஆனால் ஆர்.ஓ. தள்ளிய உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்ச நீராவியும் மின்சாரமும் வேண்டும், அது காலநிலை பற்றிய பதின்மூன்றாவது இலக்கின் கணக்கில் ஏறும். விறகில் வரும் கார்பன் டை ஆக்சைடைத் தனியாகக் காட்டச் சொல்வதுதான் சர்வதேசக் கணக்கு முறை. அதை வைத்து விறகு பாய்லருக்குப் பூஜ்ஜியம் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் கணக்கில் வந்தே தீரும், விறகு எந்தக் காட்டிலிருந்து வந்தது என்ற கேள்வியும் நிற்கும்.

இதற்காகச் சுத்திகரிப்பைக் குறைப்பதா? சட்டமும் விடாது, நொய்யலும் தாங்காது. வழி அதற்கு முந்தைய இடத்தில் இருக்கிறது. லிக்கர் ரேஷியோ 15-லிருந்து 6-க்கு வந்தால் காய்ச்சவேண்டிய உப்புநீரே குறைகிறது, தண்ணீரும் எரிபொருளும் சேர்ந்து இறங்குகின்றன. ரீடையிங் (மறுபடி சாயம் ஏற்றுவது) குறைந்தாலும் அப்படியே, ஒரு பேட்ச் ஷேடு தப்பினால் தண்ணீர், உப்பு, நீராவி எல்லாம் இன்னொரு முறை. ரீடையிங் சதவீதத்தைச் சுற்றுச்சூழல் அறிக்கைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஷேடு அப்ரூவலைப் பையரிடம் சீக்கிரம் வாங்காத மெர்ச்சண்டைசரும் (ஆர்டரைக் கவனிக்கும் ஊழியர்) இந்தக் கணக்கில் ஒரு ஆள்.

இன்னொரு மோதல் ஓவர்டைம். திருப்பூரில் 'ஒன்றரை ஷிப்ட்' என்பது சாதாரணப் பேச்சு, 12 மணி நேரம். பையர்களின் விதிமுறைகள் பெரும்பாலும் ஓவர்டைம் சேர்த்து வாரம் 60 மணியைத் தாண்டக் கூடாது என்கின்றன. மணி நேரத்தை வெட்டினால் கைக்கு வரும் கூலி குறைகிறது, பீஸ் ரேட்டில் இருப்பவர் அதிக நேரம் ஓடும் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார். எனவே மணி நேரக் குறைப்பையும் ரேட் திருத்தத்தையும் ஒரே மாதத்தில், ஒரே அறிவிப்பில் செய்யுங்கள்.

படி 5: ஆள் சேர்ப்பும் நூற்பாலையும்

8.7-க்குக் 'குழந்தைத் தொழிலாளர் இல்லை' என்ற போர்டு மாட்டினால் வேலை முடிந்ததாக நினைப்பது பழக்கமாகிவிட்டது. இன்று பெரிய ஓட்டை கடன். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வருபவர் ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்திருந்தால், அதை அடைக்கும் வரை அவரால் வேலையை விட முடியாது. யாரும் பூட்டிவைக்காவிட்டாலும் கட்டுண்டவர்தான்.

செய்யவேண்டியது: சேர்ந்த 30 நாளுக்குள் அவர் மொழி பேசுபவரை வைத்து, சூப்பர்வைசரோ ஏஜெண்டோ இல்லாத இடத்தில், நான்கு கேள்வி. வேலைக்காக யாருக்காவது பணம் கொடுத்தீர்களா, எவ்வளவு? சம்பளத்தில் எதற்காவது பிடிக்கிறார்களா? அசல் ஆதார் யாரிடம் இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலைவிட்டு வெளியே போக யாரிடமாவது கேட்க வேண்டுமா? பணம் கொடுத்திருந்தால் கம்பெனி திருப்பித் தர வேண்டும், அடுத்த முறை ஏஜெண்டுக்கு உண்டானதைக் கம்பெனியே தர வேண்டும். 'எத்தனை பேருக்கு எவ்வளவு திருப்பினோம்' என்பதே 8.7-க்கு நல்ல அளவுகோல்.

நூற்பாலைப் பக்கம், 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு வேலைக்கு வைத்து, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன முறை தமிழ்நாட்டு மில்களின் பெயரை உலகம் முழுக்கக் கெடுத்தது. பெயர் மறைந்தாலும் கூலியின் ஒரு பகுதியைப் பிடித்துவைக்கும் வழக்கம் வேறு உருவில் தொடரலாம். மில்லைப் பார்க்கப் போகிறவர் சம்பளச் சீட்டில் மாதாமாதம் முழுத் தொகையும் அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகிறதா என்று மட்டுமாவது பார்க்க வேண்டும்.

5.2-க்குச் சட்டமே தொடக்கப் புள்ளி. பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம்: தலைமையில் ஒரு மூத்த பெண் ஊழியர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அந்தக் குழுவில் தையல் லைன் பெண் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள், ஆபீஸ் ஸ்டாஃப் மட்டும் இருந்தால் புகார் வராது. 'புகார் பூஜ்ஜியம்' என்பதைச் சாதனையாக அறிக்கையில் போட வேண்டாம். 200 பெண்கள் இருக்கும் இடத்தில் பல ஆண்டுகளாக ஒரு புகாரும் இல்லை என்றால் படிப்பவர் அதை வேறு மாதிரி புரிந்துகொள்வார்.

படி 6: எண்ணுக்கு ஒரு தேதி, ஒரு ஆள், ஒரு பணம்

ஒவ்வொரு துணை இலக்குக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்ற அளவும் மொத்த அளவும் வேண்டும். கிலோவுக்கு 60 லிட்டரை 45 ஆக்கிவிட்டீர்கள், நல்லது. ஆர்டர் 40,000 கிலோவிலிருந்து 56,000 ஆனது. இப்போது மொத்தம் 25.2 லட்சம் லிட்டர், முன்பைவிட அதிகம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பவரைத்தான் பையர் நம்புவார்.

பொறுப்பை எச்.ஆர். தலையில் மொத்தமாகக் கட்டுவது வழக்கமாகத் தோற்கும் ஏற்பாடு. தண்ணீர் எண் ஜாப் வொர்க் கொடுக்கும் ஃபேப்ரிக் மேனேஜரிடம் இருக்க வேண்டும், வேஸ்ட் எண் கட்டிங் மாஸ்டரிடம், மின்சாரம் மெயின்டெனன்ஸில், ஓவர்டைம் பிளானிங்கில். அக்கவுண்ட்ஸ் ஒரே ஷீட்டில் சேர்க்கட்டும், ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த பில், எந்தத் தேதி என்ற வரியோடு. மாதம் ஒரு முறை முதலாளி உட்காரும் கூட்டத்தில் அந்த ஷீட் மேசைக்கு வர வேண்டும்.

பணத்தைப் பேசாமல் இது நகராது. குறைந்த லிக்கர் ரேஷியோ மெஷின் வைத்தவரின் ரேட் சில சமயம் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல். ஃபேப்ரிக் மேனேஜருக்கு இன்சென்டிவ் ரேட் குறைப்பதற்கு மட்டும் என்றால் துணி மறுபடி பழைய விஞ்சுக்கே போய்விடும். ஜாப் வொர்க் ஆர்டரில் மூன்று வரி சேருங்கள்: மாதாந்திரத் தண்ணீர், எரிபொருள் கணக்குத் தர வேண்டும், எங்கள் அனுமதி இல்லாமல் வேறு பட்டறைக்குத் தரக் கூடாது, பேமென்ட் இத்தனை நாளில் கட்டாயம் வரும். மூன்றாவது வரி நீங்கள் கட்டுப்படுவது. அது இல்லாமல் முதல் இரண்டுக்கும் மரியாதை இருக்காது.

படி 7: அறிக்கை, சின்னம், சொல்

துணை இலக்கு ஒன்றுக்கு ஒரு பக்கம்: ஏன் தேர்ந்தோம், அடிப்படை எண், இப்போதைய எண், எட்டவேண்டிய எண், செய்யத் தவறியது. கடைசி வரியைப் பலர் வெட்டிவிடுவார்கள், வெட்ட விடாதீர்கள். பி.ஆர்.எஸ்.ஆர். கேட்பதற்கும், ஆடைத் துறையின் மதிப்பீட்டு முறையான ஹிக் இண்டெக்ஸ் கேட்பதற்கும், பையரின் சொந்த ஷீட்டுக்கும் இதே எண்கள் போகும். மூன்றுக்கும் மூன்று விதமாகக் கொடுத்து மாட்டிக்கொள்வதைத் தவிர்க்கவே அந்த ஒரே ஷீட்.

'ஆறாவது இலக்கை அடைந்துவிட்டோம்' என்று எந்தக் கம்பெனியும் எழுத முடியாது, அது உலகுக்கு வைத்த இலக்கு. '6.4-க்குப் பங்களிக்கும் வகையில் கிலோவுக்கு 60 லிட்டரை 45 ஆக்கினோம்' என்று எழுதலாம். இந்த இலக்குகளுக்காக ஐ.நா. எந்தக் கம்பெனிக்கும் சான்றிதழ் தருவதில்லை, அப்படி ஒன்றை விற்க வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். வண்ணச் சின்னங்களைத் தகவல் தரும் நோக்கில், வணிகம் சாராமல் பயன்படுத்த முன் அனுமதி தேவையில்லை. பனியன் டேக்கில், பெட்டியில், விளம்பரத்தில் போடுவது வணிகப் பயன்பாடு, அதற்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். ஐ.நா. முத்திரை எங்கேயும் வரக் கூடாது.

முதல் அறிக்கை முடிந்த பிறகு இரண்டாம் ஆண்டில் ஏதாவது மாறியிருக்கும்: புது யூனிட் சேர்ந்திருக்கும், ஒரு மீட்டர் தப்பாக ஓடியது தெரிந்திருக்கும், பட்டறை மாறியிருக்கும். மாற்றம் மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால் அடிப்படை ஆண்டையும் திருத்திக் கணக்கிடுவது என்று இப்போதே எழுதிவையுங்கள். திருத்தும்போது பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்துக் கட்டத்திலேயே விட்டு, காரணத்தையும் தேதியையும் போடுங்கள். ஆடிட்டர் முதலில் திறப்பது அந்தக் கட்டத்தைத்தான்.